இன்னைக்கு யார் பாடு?

பழவேற்காட்டில் நான் நடத்திய முதல் முகாமில் சவுக்கு மரங்களுக்கு இடையே கயிறு கட்டிப் பிள்ளைகளை நடக்கவிட்டேன். 2014 மே மாதம். பதினொன்றிலிருந்து பதினைந்து வயது வரை 24 பேர். நகரத்துப் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப்போய் நான் பல வருடம் நடத்திய பயிற்சி அது. மலையில் ஒரு குழு கயிற்றைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆகும். பாதியில் அழுவார்கள், ஒருவர் கையை ஒருவர் பிடிப்பார்கள், முடிந்ததும் கட்டிக்கொள்வார்கள். இங்கே ஐந்து நிமிடத்தில் எல்லாரும் அந்தப் பக்கம் போய் நின்றார்கள். ஒரு பையன் மட்டும் கயிற்றை விரலால் திருகிப் பார்த்துவிட்டு, "சார், நல்ல கயிறு இது. எதுக்கு மரத்துல கட்டி வீணாக்குறீங்க? எங்கப்பா நங்கூரத்துக்குக் கேட்டுக்கிட்டே இருக்காரு" என்றான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தொழிலின் அடிப்படையே, பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள், வெளியே அழைத்துப்போனால் வளர்வார்கள் என்பதுதான். இந்தப் பிள்ளைகள் விடியற்காலை மூன்று மணிக்கு அப்பாவோடு ஏரிக்குப் போய்விட்டுப் பள்ளிக்கூடம் வருகிறவர்கள். வெயில், சேறு, பசி, இருட்டு எல்லாம் பழகியவர்கள். இவர்களுக்கு 'வெளி' என்று நான் எதைக் காட்டுவது?

இந்த வேலையின் தொடக்கமே கடலில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தன. உயிர்காப்புப் படகுகளில் வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள், உடல்வலு மிகுந்த இளைஞர்கள் சீக்கிரம் மனம் தளர்ந்து இறந்துபோகிறார்கள் என்று கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட் கருதினார். நாஜிகளால் ஜெர்மனியை விட்டு வெளியேறி ஸ்காட்லாந்தில் பள்ளி நடத்திவந்த கர்ட் ஹானோடு சேர்ந்து, 1941-இல் வேல்ஸ் கடற்கரையில் அபர்டோவி என்ற ஊரில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். துறைமுகத்தை விட்டுக் கடல்நோக்கிக் கிளம்பும் கப்பலைக் குறிக்கும் 'அவுட்வர்ட் பவுண்ட்' என்பதே அதன் பெயர். ஹானின் பள்ளி மாணவர்கள் கடலோரக் காவல் பணியில் நிஜமாகவே முறைவைத்துக் கண்விழித்தார்கள். ஒரு பிள்ளையின் கையில் உண்மையான பொறுப்பைக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய உறுதி. எங்கள் தொழில் வளர வளர, அந்தப் பொறுப்பைக் கைவிட்டுக் கயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன்.

முகாமின் மீதி நாட்களில் திட்டத்தை மூடி வைத்துவிட்டு ஊரைக் கேட்கத் தொடங்கினேன்.

பழவேற்காடு ஏரி என்று சொல்கிறோமே தவிர, அது கடலும் ஆறும் கலக்கும் உப்பங்கழி. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது. பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது, தென்கோடி மட்டும் நம்முடையது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு கடலை மறித்துப் படுத்திருக்கிறது. தெற்கே ஆரணி ஆறு வந்து சேர்கிறது, பக்கிங்காம் கால்வாய் ஊடே போகிறது. மழைக்காலத்தில் உப்பு குறையும், கோடையில் கடலைவிட உப்பு ஏறும். பெரும்பாலான இடத்தில் ஆள் நடக்கும் ஆழம்தான். கடலோடு சேர்க்கும் முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டால் இறால் குஞ்சு உள்ளே வராது, மடவையும் கொடுவாயும் குறையும், ஊரே மண்வெட்டியோடு திரளும்.

அந்த முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடும் இடங்களில் சுத்து வலை கட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அதன் பெயர் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களுக்குத் தலைமுறைகளாக உள்ள உரிமை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் விழாது. அதனால் எந்த நாள் யாருக்கு, எந்த இடம் யாருக்கு என்பதை முறைவைத்தும் சீட்டுப் போட்டும் தீர்த்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை வேறு இடம். "இன்னைக்கு யார் பாடு?" என்று ஏரிக்கரையில் யாரும் யாரையும் கேட்பார்கள். பாடு என்றால் துன்பம் என்று மட்டும் தெரிந்து வளர்ந்த எனக்கு, அது முறையாகவும் உரிமையாகவும் ஒலித்த அந்த ஊர் வேறாகத் தெரிந்தது.

ஒரு பெரியவர் வலை ஊசியைப் பல்லில் கவ்வியபடி என்னிடம் கேட்டார்: "தம்பி, உங்க முகாமுல பசங்களுக்குப் பாடு உண்டா?"

இரண்டாவது முகாமை அந்தக் கேள்வியின்மேல் கட்டினேன். தலைவர் யார் என்று நான் சொல்வதில்லை, பிள்ளைகள் தேர்ந்தெடுப்பதும் இல்லை. தேர்ந்தெடுக்கவிட்டால் பெரிய குரல் உள்ளவனே எல்லா நாளும் தலைவன். காலையில் சீட்டு. யார் பேர் வருகிறதோ அன்றைய பாடு அவருக்கு. எங்கே போவது, எப்போது கிளம்புவது, எத்தனை குடம் தண்ணீர், யார் படகில் யார், எப்போது திரும்புவது எல்லாம் அவர் முடிவு. நானும் கூட வரும் இரண்டு மீனவர்களும் மூன்று விஷயங்களுக்கு மட்டுமே வாய் திறப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம். இடுப்பளவுக்கு மேல் ஆழம், இடி மின்னல், முகத்துவாரத்துப் பக்கம். மற்ற எதிலும் அவர்கள் தப்பு செய்யலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டுக்கு விடுமுறைக்கு வந்தவர்களை ஏற்றிச்சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. ஊரில் அதைப் பற்றிக் கேட்டால் இன்றும் குரல் இறங்கிவிடும். அரையாண்டு விடுமுறையில் ஒரு முகாம் வைக்கலாம் என்று நான் தேதி குறித்தபோது, ஒரு பையனின் அம்மா மீன்கூடையோடு வந்து நின்றார். "எப்ப வேணாலும் கூட்டிக்கிட்டுப் போங்க சார். இருபத்தஞ்சும் இருபத்தாறும் மட்டும் புள்ளைங்களைத் தண்ணியில எறக்காதீங்க." இருபத்தாறு, 2004-இன் சுனாமி. பிறகு பொங்கல் விடுமுறைக்கு மாற்றினேன். ஊரின் நாட்காட்டியை முதலில் கேட்டுக்கொள்ளாமல் தேதி குறித்தது என் தவறு. இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதுதான்: மழை எப்போது, இறால் எப்போது, திருவிழா எப்போது என்று கேட்கிறீர்கள், துக்கம் எப்போது என்றும் கேளுங்கள்.

பாதுகாப்புக்கு என்னிடம் ஒரு படிவம் இருந்தது. நீரில் மூழ்குதல், வெயில் தாக்குதல், பாம்புக்கடி என்று வரிசையாக. அதைப் பிள்ளைகளிடம் காட்டாமல், "ஏரியில எதுக்குப் பயப்படணும்?" என்று மட்டும் கேட்டுச் சுவரில் எழுதச் சொன்னேன். முதலில் வந்தது சிப்பி. சேற்றுக்குள் கிடக்கும் சிப்பி ஓடு பிளேடு மாதிரி பாதத்தைக் கிழிக்கும், உப்புத் தண்ணீரில் ஆறாது. அடுத்தது திருக்கை. மணலில் புதைந்து கிடக்கும், மிதித்தால் வால்முள்ளால் குத்தும். அதனால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும், அதிர்வு கேட்டு அது விலகிப்போகும். கெளுத்தி முள். மதியத்துக்கு மேல் எழும் காற்று. தண்ணீர் வற்றும்போது முகத்துவாரத்தில் இருக்கும் இழுப்பு. கடைசியில் சின்னதாக ஒரு கையெழுத்தில்: "குடிச்சிட்டு வர்ற ஆளுங்க." இந்தக் கடைசி வரியை எந்தப் பாதுகாப்புப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை. அன்று முதல் பிள்ளைகளின் பட்டியலே எங்கள் பட்டியல். என்னுடையதில் இருந்தவற்றை அதன் கீழே சேர்த்தோம். உயிர்காப்புச் சட்டை மட்டும் பேச்சுக்கு இடமில்லாதது. "எங்கப்பாவே போட மாட்டாரு" என்றார்கள். "உங்கப்பாவுக்கும் ஒண்ணு வச்சிருக்கேன்" என்று எடுத்துக் கொடுத்தேன். சிலர் போட்டுக்கொண்டார்கள்.

அந்த இரண்டாவது முகாமின் மூன்றாம் நாள் சீட்டு பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனுக்கு விழுந்தது. வகுப்பில் பேசாதவன், அப்பா இல்லாதவன், மாமாவின் படகில் தண்ணீர் இறைப்பவன். வடக்கே பூநாரைகள் மேயும் பக்கம் போகலாம் என்றான். பறவைச் சரணாலயம் என்பதால் வனத்துறையில் முன்பே சொல்லி வைத்திருந்தோம். இரண்டு படகு. காலை ஏழு மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும். அவன் ஒவ்வொருவரும் சாப்பிட்டார்களா என்று கேட்டுக்கொண்டே நேரத்தைப் போக்கி எட்டரை ஆக்கிவிட்டான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பூநாரைகளைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பும்போது தென்னல் எழுந்துவிட்டது. நேர் எதிர்க்காற்று. கழி ஊன்றினால் ஒரு பாகம் முன்னே போகும், அரைப் பாகம் பின்னே வரும். தண்ணீரும் வற்றத் தொடங்கிப் படகு சேற்றில் உட்கார்ந்தது. பன்னிரண்டு மணி வெயில். குடத்தில் தண்ணீர் பாதி. ஒரு பெண் அழத் தொடங்கினாள். கூட வந்த மீனவர் என்னைப் பார்த்தார். முழங்கால் ஆழம், கரை கண்ணுக்குத் தெரிகிறது, வானம் தெளிவு. எங்கள் மூன்று விஷயங்களில் எதுவும் இல்லை. நான் தலையசைத்து மறுத்தேன். அந்தப் பத்து நிமிடம் என் தொழில் வாழ்க்கையில் மிகக் கடினமான பத்து நிமிடம். வாயைத் திறந்து, "எல்லாரும் இறங்குங்க" என்று இரண்டு சொல் சொன்னால் போதும். சொல்லியிருந்தால் அந்தப் படகு நகர்ந்திருக்கும், அவனுடைய பாடு அங்கேயே முடிந்திருக்கும்.

அவன் காற்றைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான். முதலில் இறங்கியது அவன்தான். காலைத் தேய்த்துத் தேய்த்துப் போய்ச் சேற்றின் ஆழத்தைச் சோதித்துவிட்டு வந்து, சின்னவர்கள் நால்வரைப் படகிலேயே உட்காரச் சொல்லி, மற்றவர்களை இறக்கி, இரண்டு படகையும் ஒரே கயிற்றில் கோத்தான். அழுத பெண்ணின் கையில் குடத்தைக் கொடுத்து, "நீதான் தண்ணி. நூறு தப்படிக்கு ஒரு வாய். யார் கேட்டாலும் அதுக்கு முன்ன குடுக்காத" என்றான். கரை சேர இரண்டரை மணி நேரம் ஆனது. சோறு ஆறிப்போயிருந்தது. மாமா கரையில் நின்றிருந்தார். திட்டுவார் என்று பயந்தேன். அவர் பையனின் தோளில் கிடந்த கயிற்றைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டு, "காலைல சீக்கிரம் கெளம்பணும்டா, மத்தியானம் காத்து மாறும்ல" என்று மட்டும் சொன்னார். அவனிடம் அவர் பேசுகிற குரல் அது இல்லை, இன்னொரு மீனவரிடம் பேசுகிற குரல் என்று எனக்குப் பட்டது.

மாலையில்தான் எனக்கு அடுத்த பாடம். எங்கள் தொழிலில் அனுபவத்துக்குப் பின் வட்டமாக உட்கார்ந்து அதைப் பேசியே ஆக வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் கோல்ப் 1984-இல் எழுதி வைத்த சுழற்சி: செய், திரும்பிப் பார், அதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள், மறுபடி செய்து பார். சரியான விஷயம்தான். ஆனால் "இன்னைக்கு என்ன கத்துக்கிட்டீங்க?" என்று நான் கேட்டால் இந்தப் பிள்ளைகள், "ஒற்றுமை சார்", "தன்னம்பிக்கை சார்" என்று பள்ளிக்கூடத்து விடையைக் கொடுத்துவிட்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் பெரியவர்கள் எப்போது பேசுகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். முகத்தைப் பார்த்து உட்கார்ந்து யாரும் மனசைத் திறப்பதில்லை. வலை பின்னும்போது பேசுகிறார்கள். கண் வலையில் இருக்கும், கை ஊசியில் இருக்கும், வாய் தன்பாட்டில் போகும். மறுநாள் ஒரு கிழிந்த வலையை வாங்கிவந்து நடுவில் போட்டேன். எல்லார் கையிலும் ஊசி. கேள்வியையும் மாற்றினேன்: "மறுபடியும் போனா எதை மாத்துவீங்க?" கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. அதன் பிறகு குடம் வைத்திருந்த பெண் சொன்னாள்: "எனக்குத் தாகம் எடுத்தப்ப நானும் குடிக்கல. அது எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு." அவள் தலை நிமிரவில்லை. யாரும் அவளைப் பார்க்கவும் இல்லை. அதனால்தான் அவளால் சொல்ல முடிந்தது.

மழை நாட்களில் என்ன செய்வது என்பது பெரிய சிக்கலாக இல்லை. டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய ஜெல்டிரியா கோட்டையின் மிச்சமும் அவர்களுடைய கல்லறைத் தோட்டமும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். பிள்ளைகள் பேய்க்கதையில் தொடங்கி, கடல் கடந்து வந்து இங்கே செத்துப்போனவர்களின் வயதைக் கணக்குப்போடுவதில் முடிப்பார்கள். ராக்கெட் ஏவும் நாளும் அப்படித்தான். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதல் இருந்தால் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வந்துவிடும், அன்றைய பாடு யாருக்கோ அவர் திட்டத்தை ஒரே இரவில் மாற்றியாக வேண்டும். அதைவிட நல்ல பயிற்சியை நானாக யோசித்து உருவாக்கியிருக்க முடியாது.

மற்ற இடங்களில் நடப்பதையும் போய்ப் பார்த்தேன். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் குப்பத்துப் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதும், 2013-இல் அங்கே அலைச்சறுக்குத் திருவிழா நடந்ததும் பலர் அறிந்தது. கடல் என்றால் உழைப்பு என்று மட்டும் இருந்த இடத்தில், கடல் விளையாட்டாகவும் ஆனது. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளைக் காப்பாற்றிவருகிறார்கள். இரண்டிலும் நான் பார்த்தது ஒன்றுதான்: பிள்ளைகள் செய்யாவிட்டால் நின்றுபோகிற ஒரு வேலை அங்கே இருக்கிறது. எங்கள் ஏரிக்கு அலை கிடையாது. பாடு இருந்தது.

ஆனால் பாட்டிலும் ஒரு வேலி இருக்கிறது. அதைப் பார்க்க எனக்கு மூன்று வருடம் ஆனது. பாடு என்பது அந்த ஊர்களின் தலைக்கட்டுகளுக்கான உரிமை. ஏரிக்கரையில் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு வலையும் இல்லை, பாடும் இல்லை. ஆணும் பெண்ணும் ஆழமில்லாத தண்ணீரில் குனிந்தும் தவழ்ந்தும் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள், பிடித்ததை அதில் போடுவார்கள். என் முகாம்களில் அந்தப் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை. ஊர்ப் பஞ்சாயத்து மூலமாகவே நான் பிள்ளைகளைச் சேர்த்ததால் அது என் கண்ணில் படவே இல்லை. நேர்மையான முறை என்று நான் கொண்டாடிய சீட்டு, பேர் எழுதப்பட்டவர்களுக்கு மட்டும் நேர்மையானது.

2017 கோடையில் இருளர் குடியிருப்புக்கு நேராகப் போய்ப் பெற்றோரிடம் கேட்டேன். "கூலி உண்டா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்தப் பிள்ளைகள் ஐந்து நாள் முகாமுக்கு வந்தால் ஐந்து நாள் இறால் போச்சு. அந்த இழப்புக்கு ஈடாக அரிசியும் பருப்பும் கொடுப்பது என்று முடிவாயிற்று. முகாம் செலவில் கூடாரத்துக்கு வைத்திருந்த பணம் அதற்குப் போனது. கூடாரம் இல்லாமல் பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்தோம். ஆறு பிள்ளைகள் வந்தார்கள், நான்கு பேர் பெண்கள். குப்பத்துப் பெண்பிள்ளைகள் படகில் ஏறுவது வழக்கமில்லை, அவர்களைத் தண்ணீருக்குள் கொண்டுவர நான் ஒவ்வொரு வீட்டிலும் பேசிப் பேசி அலுத்திருந்தேன். இந்த நான்கு பேரோ பிறந்ததிலிருந்தே ஏரிக்குள் இருப்பவர்கள்.

இரண்டாம் நாள் சீட்டு அவர்களில் ஒருத்திக்கு விழுந்தது. பதினான்கு வயது. சீட்டைப் பிரித்துப் பேரைப் படித்ததும் யாரும் கைதட்டவில்லை. ஒரு பையன் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "சார், அவங்களுக்கு ஏரியில பாடு கெடையாதே." திமிராகச் சொல்லவில்லை. பகலுக்குப் பின் இரவு என்பதுபோல, தெரிந்த ஒன்றை எனக்குத் தெரியாதோ என்று சொன்னான். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. சீட்டை அவன் கையில் கொடுத்தேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

அவள் படகு வேண்டாம் என்றாள். "நடந்தே போலாம். சாயங்காலம் போலாம்." வெயில் தாழ்ந்ததும் 24 பேரையும் வரிசையாக அழைத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கினாள். முழங்கால் ஆழம் வந்ததும் நிறுத்தி, இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆளுக்கொரு பக்கம் அனுப்பினாள். அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பறிகள் ஐந்துதான், மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளச் சொன்னாள். குப்பத்துப் பையன்கள் சேற்றை அள்ளினார்கள், தண்ணீர் கலங்கியது, ஒன்றும் சிக்கவில்லை. அவள் பறியில் அதற்குள் பத்துப் பன்னிரண்டு இறால்.

"கையை வேகமாக் கொண்டுபோனா ஓடிடும். ரெண்டு கையையும் கூட்டி மெதுவாப் போகணும். மொதல்ல கால்ல தெரியும். காலைக் கேளுங்க" என்றாள்.

சீட்டை அவளிடம் கொடுத்த பையன் அவளுக்குப் பக்கத்தில் குனிந்திருந்தான். பறி அவன் பல்லில் இருந்ததால் அவனால் பேச முடியவில்லை. கழுத்துவரை தண்ணீரில் இருந்தபடி, எந்தப் பக்கம் என்று கண்ணாலேயே கேட்டான். அவள் கையைக் காட்டினாள். அன்று இருட்டி வெகுநேரம் கழித்துத்தான் கரைக்குத் திரும்பினோம். எப்போது திரும்புவது என்பதும் அவள் முடிவுதான்.